நாற்பத்திரண்டில் தொடங்கும் வட்டம்

காரமடையில் பேருந்து நிலையத்தை ஒட்டி இருக்கும் இ-சேவை மையத்தில் ஒன்பது வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, வருமானச் சான்றிதழுக்கும் இருப்பிடச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவள் மதிவதனி. வயது முப்பத்தாறு. செங்காட்டூர் மில் காலனியில் வீடு. கணவன் ரவிக்குமார் டெம்போ ஓட்டுகிறான். ஊரில் பாதிப் பேருடைய பிறந்த தேதி அவளுக்கு மனப்பாடம் என்பதால், வயதைக் குறைத்துச் சொல்லும் பெண்கள் அவள் இருக்கும் பக்கமே வரமாட்டார்கள்.

அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எண்கள் வரிசையாக நின்றால் அடுத்த எண்ணைச் சொல்லாமல் இருக்க முடியாது. கல்யாண மண்டபத்தில் நாற்காலி வரிசையைப் பார்த்தால் வாய் முணுமுணுக்கும். அதற்கு ஒரு பயன் இருக்கும் என்று அவளே நினைத்ததில்லை, யாஸ்மினின் வகுப்புக்குப் போகும் வரைக்கும்.

யாஸ்மின் அவளோடு மேட்டுப்பாளையத்தில் பள்ளிக்கூடம் படித்தவள். கோவையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சில வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பி, சனிக்கிழமை மதியங்களில் நூலக மாடியில் பெண்களுக்கு கம்ப்யூட்டர் நிரல் எழுதச் சொல்லிக் கொடுக்கிறாள். முதல் நாள் பலகையில் 3, 7, 11, 15 என்று எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் மதிவதனி பின்னாலிருந்து பத்தொன்பது என்றாள். யாஸ்மின் 2, 6, 12, 20 என்று எழுதினாள். முப்பது என்றாள் இவள்.

"எப்படிடி?"

"நாலு ஏறுச்சு, ஆறு ஏறுச்சு, எட்டு ஏறுச்சு. அப்ப பத்து ஏறணுமில்ல?"

"சரி, வாயால சொன்னது போதும். கம்ப்யூட்டரைச் சொல்ல வை."

அன்றைக்குத்தான் அவள் லூப் என்ற ஒன்றைக் கண்டாள். எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எத்தனை எத்தனையாகத் தாவ வேண்டும். மூன்றே விவரம். இரண்டு வரி எழுதி என்டர் தட்டினாள். 3, 7, 11 என்று தொடங்கி நூறு எண்கள் கண் இமைப்பதற்குள் திரையில் சரசரவென்று இறங்கின. ஒன்பது வருடமாக ஒவ்வொரு பெட்டியாக, ஒவ்வொரு ஆளாகத் தட்டித் தட்டி விரல் தேய்ந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது. தாவலை ஐந்தாக்கினாள், பதினேழாக்கினாள், பின்னோக்கி இறங்கவிட்டாள். வகுப்பு முடிந்து மற்றவர்கள் டீ குடிக்கப் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ரவிக்குமாரைப் பிடித்து உட்கார வைத்து விளக்கினாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல சோறு வேகுமா?" என்றான்.

"மூணு விசில் வர்ற வரைக்கும் குக்கரை எறக்காதீங்கன்னு உங்ககிட்டச் சொல்லிப்போட்டுப் போறனே, அதுவும் லூப்புதானுங்க. நீங்கதான் ரெண்டுலயே எறக்கிப்போடறீங்க."

மறுநாள் அவன் மூன்று விசில் எண்ணிவிட்டுத்தான் குக்கரை இறக்கினான்.

இது நடந்த அதே மாதங்களில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. வள்ளி கும்மி. கொங்கு நாட்டில் இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஊர் வள்ளி கும்மி பழகிக்கொண்டிருக்கும். பல மாதம் பயிற்சி, பிறகு கோயில் மைதானத்தில் ஒரே நிறச் சேலையில் நூற்றுக்கணக்கான பெண்கள் வட்டம் வட்டமாக நின்று ஆடும் அரங்கேற்றம். செங்காட்டூரும் சுற்றுவட்டத்து ஐந்து ஊர்களும் சேர்ந்து ஒரு பெரிய அரங்கேற்றத்துக்கு நாள் குறித்திருந்தன. காலனிப் பெண்களுக்கும் ஆசை வந்தது. மில்லில் நூல் பிரிவில் வேலை செய்யும் பாவாத்தாள், ஐம்பது வயதுக்காரி, நேரே போய்க் கும்மி ஆசிரியர் கிருபாசங்கரிடம் கேட்டுவிட்டாள். மாலையில் ஊர்ப் பயிற்சி நடக்கும் நேரம் அவர்களுக்கு ஷிஃப்ட். அதனால் அவர் ஞாயிறு காலைகளில் காலனிக்கே வந்து சொல்லிக் கொடுத்தார். மதிவதனியையும் சேர்த்து நாற்பது பேர். மூன்று மாதம். யாரும் ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை. அரக்குச் சேலையும் எடுத்தாயிற்று. அரங்கேற்ற வாரத்துக்கு மட்டும் மில்லில் கேட்டுப் பகல் ஷிஃப்ட்டும் வாங்கியாயிற்று.

அரங்கேற்றம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை விழாக் கமிட்டித் தலைவர் பாலுசாமி சொல்லி அனுப்பினார்: மைதானத்தில் இடம் பத்தாது, காலனி செட்டு அடுத்த வருடம் ஆடட்டும்.

பாலுசாமியைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாகிவிடும். அப்படி அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பக்கத்தில் ஊருக்கு ஒரு வட்டம் என்பது வழக்கம். ஒரு வட்டத்தில் எத்தனை பேரோ அத்தனை பேர்தான் எல்லா வட்டத்திலும். ஒரு ஊருக்கு ஒரு ஆள் எச்சாக, அதாவது கூடுதலாகப் போனாலும் அடுத்த ஊருக்கு முகம் சுண்டிப்போகும். நடுவில் குத்துவிளக்கு, பாடுகிறவர்கள், ஜமாப் மேளம் அடிக்கிறவர்கள், ஸ்பீக்கர் பெட்டிகள் என்று இடம் விட்டால் உள்வட்டத்தில் நாற்பத்திரண்டு பேர் நிற்கலாம். ஆறு ஊர், ஆறு வட்டம், வட்டத்துக்கு நாற்பத்திரண்டு. மொத்தம் இருநூற்று ஐம்பத்திரண்டு. ஏழாவது வட்டம் போட்டால் கோயில் வேலி இடிக்கும். கணக்கு அவருக்குத் தெளிவாக இருந்தது. ஓட்டுப் போடவும் ரேஷன் வாங்கவும் காலனி செங்காட்டூரில் சேர்த்தி, கும்மி ஆடும்போது மட்டும் ஏன் தனி ஊர் என்ற கேள்விதான் அவருக்கு எழவில்லை. மதிவதனிக்கு எழுந்தது.

அன்று சாயங்காலம் மில் மைதானத்தில் நாற்பது பேரும் கூடினார்கள்.

"அங்க ஆட உடாட்டி என்னங்கறேன். இங்க ஒருக்கா ஒட்டுக்கா ஆடிப்போட்டுப் போலாம் வாங்க" என்றாள் பாவாத்தாள்.

கிருபாசங்கர் விட்டுப் போயிருந்த கயிறு இருந்தது. ஐந்தடிக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு. நடுவில் முளை அடித்து, முடிச்சைப் பிடித்துச் சுற்றி வந்து சுண்ணாம்புத் தூளில் வட்டம் போட வேண்டும். இரண்டு கையையும் வீசித் திரும்பினால் பக்கத்து ஆள்மேல் படாமலிருக்க ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் ஐந்தடியும் மூன்று விரலும். இத்தனை நாள் நாற்பது பேரும் வரிசையில் நின்றுதான் பழகியிருந்தார்கள். வட்டம் போட்டது அன்றைக்குத்தான்.

இரண்டாவது முடிச்சில் முதல் வட்டம். பன்னிரண்டு பேர் பிடித்தது. மூன்றாவது முடிச்சில் அடுத்தது. பதினெட்டுப் பேர். நான்காவது முடிச்சில் வட்டம் போட்டபோது மிச்சம் பத்துப் பேர்தான் இருந்தார்கள். வட்டத்தில் ஒரு பக்கம் கூட்டம், மறுபக்கம் வெறும் தரை.

"இதுல இன்னும் எத்தன பேர் நிக்கலாங்க்கா?" என்று கேட்டாள் மதிவதனி. கேட்கும்போதே குரல் மாறியிருந்தது.

"ஆளுக்கு எங்க போறது?"

கும்மியை வெறுங்காலில்தான் ஆட வேண்டும். ஓரத்தில் நாற்பது ஜோடிச் செருப்பு குவிந்து கிடந்தது. மதிவதனி ஓடிப்போய் மடி நிறைய அள்ளி வந்து, அதே அளவுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போனாள். பதினான்கு செருப்பு. பத்தும் பதினான்கும் இருபத்து நான்கு.

பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்து நான்கு. அவளுக்கு வாய் நிற்கவில்லை. "அடுத்தது முப்பதுங்க்கா. நான் சொல்றேன் பாருங்க, முப்பது." ஐந்தாவது முடிச்சில் வட்டம் போட்டு மிச்சச் செருப்பையெல்லாம் அடுக்கினார்கள். முப்பதாவது செருப்பு முதல் செருப்புக்கு அதே அளவு தள்ளிப் போய் உட்கார்ந்தது. மேலும் ஓரடி போல மிச்சம், அவ்வளவுதான்.

ஒவ்வொரு முடிச்சுக்கும் ஆறு. இரண்டாவது முடிச்சு என்றால் ஈராறு, ஐந்தாவது என்றால் ஐயாறு. அவள் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு மனதுக்குள் மேலே ஏறினாள். ஆறாவது முடிச்சில் முப்பத்தாறு. ஏழாவதில் நாற்பத்திரண்டு.

அப்படியே நின்றுவிட்டாள். கோயில் மைதானத்தில் உள்வட்டம் போட்டிருப்பது ஏழாவது முடிச்சில்தான். அதில் நிற்பது நாற்பத்திரண்டு பேர்தான். அவள் கண்டுபிடித்த வரிசை கோயிலுக்குள்ளேயே போய் நின்றது. வெளிவட்டம் பன்னிரண்டாவது முடிச்சு. அங்கே எழுபத்திரண்டு பேர் நிற்க வேண்டும். நிற்பது நாற்பத்திரண்டு.

"அக்கா, எடம் இருக்குதுங்க்கா. அங்க எடம் கெடக்குது. அவியளுக்கே தெரியல" என்றாள்.

கையால் கூட்டிக் காட்டினால் தப்பாகக் கூட்டியிருப்பாய் என்பார்கள். அச்சடித்த தாளுக்கு இந்த ஊரில் இருக்கும் மரியாதை ஒன்பது வருடமாக அவள் கண்ணால் கண்டது. அதனால் புதன்கிழமை மதிய உணவு நேரத்தில், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே, லூப் எழுதினாள். நாற்பத்திரண்டில் தொடங்கு, எழுபத்திரண்டில் நிறுத்து, ஆறாறாகத் தாவு, வருகிறதையெல்லாம் கூட்டு, கடைசியில் மொத்தத்தைக் காட்டு. என்டர் தட்டினாள்.

இருநூற்று எழுபது.

ஏற்கெனவே நிற்பது இருநூற்று ஐம்பத்திரண்டு. கழித்தால் பதினெட்டு. நாற்பது பேருக்குப் பதினெட்டு இடம். இன்னொரு முறை தட்டினாள். அதே இருநூற்று எழுபது. வருகிற சனங்களிடம் 'சிஸ்டம் தப்புப் பண்ணாதுங்க, நீங்க குடுத்த விவரந்தான் தப்பு' என்று தினமும் சொல்கிறவள்தான். அன்றைக்குப் பாருங்கள், அந்த வாக்கியத்தின் பின்பாதி அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னாள். பதினெட்டுப் பேர் போகலாம். யார் என்று முடிவு பண்ண வேண்டும். சொன்னதுதான் தாமதம், காலனியில் ஒரே நாளில் எல்லோரும் சீக்காளியாகிவிட்டார்கள். பாவாத்தாளுக்கு முட்டி வலி வந்தது. ஒருத்திக்குத் தலைசுற்றல். இன்னொருத்திக்கு ஞாயிற்றுக்கிழமை பார்த்து சத்தியமங்கலத்தில் நாத்தனார் வீட்டில் விசேஷம் முளைத்தது. மகனுக்குப் பரீட்சை என்றாள் ஒருத்தி, அவளுடைய மகன் படிப்பை முடித்து இரண்டு வருடம் ஆகிறது. கடைசியில் பார்த்தால் பதினெட்டு இடத்துக்குப் போகிறேன் என்று சொல்ல ஏழு பேர்கூட இல்லை. ஒவ்வொருத்தியும் அடுத்தவளுக்கு விட்டுக் கொடுக்கப் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். மதிவதனிக்கு அழுகை வந்துவிட்டது.

"உனக்கும் ஏதாச்சும் நோவு இருக்குதாம்மிணி?" என்று கேட்டாள் பாவாத்தாள்.

"எனக்கும் இடுப்பு வலிதானுங்க்கா."

வியாழக்கிழமை காலை. முதியவர் அப்புசாமி இருப்பிடச் சான்றிதழுக்காக எதிரில் உட்கார்ந்திருந்தார். சர்வர் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் மதிவதனி பழைய நிரலைத் திறந்தாள். போகும் பதினெட்டுப் பேராவது எந்த வட்டத்தில் எத்தனையாவதாக நிற்க வேண்டும் என்று தெரியட்டும் என்று, மொத்தத்தோடு ஒவ்வொரு வட்டத்தின் எண்ணையும் காட்டச் சொன்னாள்.

42
48
54
60
66

பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. வட்டம் ஆறல்லவா? எழுபத்திரண்டு எங்கே?

யாஸ்மின் படித்துப் படித்துச் சொன்னது அப்போதுதான் உறைத்தது. நிறுத்து என்று கொடுக்கிற எண்ணை லூப் தொடாது. அதற்கு முந்தியதோடு நின்றுவிடும். மனிதர்களிடம் பன்னிரண்டு வரைக்கும் என்றால் பன்னிரண்டும் சேர்த்தி. இதனிடம் அப்படி இல்லை. இருப்பதிலேயே பெரிய வட்டத்தை அவளே வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறாள். எழுபத்திரண்டை அழித்து எழுபத்து மூன்று என்று போட்டாள். என்டர்.

ஆறு வரிகள். மொத்தம் முந்நூற்று நாற்பத்திரண்டு. கழித்தால் தொண்ணூறு. பதினெட்டு இல்லை, தொண்ணூறு. அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏனம்மிணி, என்ற சர்ட்டிபிகேட்டு வந்திருச்சா?" என்றார் அப்புசாமி.

"அது வந்துருமுங்கய்யா. எங்களுக்கு எடம் வந்திருச்சுங்க."

பிரிண்டரிலிருந்து சூட்டோடு தாளை உருவிக்கொண்டு, பொழுது சாயும் நேரத்தில் கோயில் மைதானத்துக்குப் போனாள். பின்னாலேயே ஷிஃப்ட் முடித்த பாவாத்தாளும் மற்றவர்களும் வந்தார்கள். முட்டி வலி, தலைசுற்றல் எல்லாம் வழியிலேயே குணமாகியிருந்தன. ஆறு ஊர்ப் பெண்களும் கடைசி ஒத்திகைக்கு வந்திருந்தார்கள். மதிவதனி தாளை முதலில் கிருபாசங்கரிடம் நீட்டினாள். அவர் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். பிறகு அதைப் பாலுசாமியிடம் கொடுத்தார்.

பாலுசாமி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "காயிதத்துல நிக்குதுங்க அம்மிணி. தரையில நிக்கோணுமே."

"போட்டுப் பார்த்துரலாமுங்கய்யா. ஒரு வட்டம் மட்டும் போடறேனுங்க. தப்பா இருந்தா நாங்க இப்பவே போயிக்கறோம்."

அவள் வெளிவட்டத்தைத்தான் எடுத்துக்கொண்டாள். கையில் சுண்ணாம்புத் தூளோடு குனிந்து, அதே அளவுக்கு ஒரு புள்ளியாக வைத்துக்கொண்டு போனாள். இந்த முறை தலைக்குள் எந்தப் பெருக்கலும் இல்லை. சுற்றி முந்நூறு பேர் பார்க்க, வட்டம் முழுவதையும் சுற்றி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. எழுபத்திரண்டாவது புள்ளியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். முதல் புள்ளி எதிரில் இருந்தது.

கிருபாசங்கர் வெளிவட்டத்துப் பெண்களைப் புள்ளியில் போய் நிற்கச் சொன்னார். நாற்பத்திரண்டு பேரும் நின்றார்கள். முப்பது புள்ளிகள் வெள்ளை வெள்ளையாகச் சும்மா கிடந்தன. மூன்று மாதமாக யார் கண்ணுக்கும் தெரியாத காலியிடம் சுண்ணாம்பு வைத்ததும் எல்லோருக்கும் தெரிந்தது.

பாலுசாமி கண்ணாடியைக் கழற்றினார். "எடம் இருக்குது. இல்லைங்கல. ஆனா ஊருக்கு ஒரு வட்டம்னு ஒரு முறை இருக்குதில்லீங்க. நாளைக்கு நாலு பேர் என்னைத்தான் கேப்பாங்க."

இடம் இல்லை என்ற பேச்சு போய், உண்மையான பேச்சு வெளியே வந்து நின்றது. அதற்கு மதிவதனியிடம் லூப் எதுவும் இல்லை. தாள் அவர் கையிலேயே இருந்தது.

வெளிவட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ராசாத்தாள். பாலுசாமியின் மனைவி.

"ஏனுங்க, நீங்க ஒரு நாளாவது இந்த வட்டத்துல ஆடிப் பார்த்திருக்கறீங்களா? ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் ஒம்பதடி. உள்ள இருக்கறவிய நடந்து ஆடறாங்க, நாங்க ஓடி ஓடி ஆடறம். மூணு மாசமா ராத்திரியெல்லாம் என்ற காலு என்ன பாடு படுதுன்னு உங்களுக்குத் தெரியாதா? உங்க முறை வந்து தைலம் தேய்ச்சு உடுமா?"

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பி வட்டம் வட்டமாகப் பரவியது. ராசாத்தாள் பக்கத்துப் புள்ளியைக் காட்டினாள்.

"பாவாத்தா, அங்க என்ன வேடிக்கை? இங்க வந்து நில்லு. எல்லாரையும் கூட்டியா."

பாவாத்தாள் ஒரு கணம் மதிவதனியைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நடந்துபோய் ராசாத்தாளுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் நின்றதும் மற்றவர்களுக்கும் கால் வந்தது. முப்பது பேர் வெளிவட்டத்தில், மிச்சம் பத்துப் பேர் அதற்கு உள்ளே இருந்த வட்டத்தில். கிருபாசங்கர் காத்திருக்கவில்லை. பாட்டை எடுத்துவிட்டார். ஜமாப் இறங்கியது. முதன்முறையாக வெளிவட்டம் ஓடாமல் ஆடியது. பாலுசாமி தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை மைதானம் நிரம்பி வழிந்தது. ஆறு வட்டத்துக்கும் சுண்ணாம்புப் புள்ளி வைத்திருந்தார்கள். யார் வைக்கச் சொன்னது என்று மதிவதனி விசாரிக்கவில்லை. அவள் வெளிவட்டத்தில் நின்றாள். ஒரு பக்கம் காலனிப் பெண், மறுபக்கம் பேர் தெரியாத ஏதோ ஒரு ஊர்ப் பெண். இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு பேரின் கை ஒன்றாகத் தட்டியபோது அந்தச் சத்தம் அவள் வயிற்றுக்குள் போய் இறங்கியது. இத்தனை சந்தோஷத்தை அவள் எங்கேயும் கண்டதில்லை.

முதல் பாட்டு முடிந்து மூச்சு வாங்கும் நேரத்தில் பாலுசாமி வட்டத்தின் ஓரமாக நடந்து அவளிடம் வந்தார். சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்தார்.

"ஏனம்மிணி, இன்னும் எத்தன பேருக்கு எடம் இருக்குது?"

"அம்பதுங்கய்யா."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

அவர் மேடைக்குப் போய் மைக்கை வாங்கினார். தொண்டையைச் செருமினார்.

"வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கமுங்க. ஆடத் தெரிஞ்சவிய யாராவது வெளிய நின்னுக்கிட்டிருந்தா வாங்க. எந்த ஊரா இருந்தாலும் வாங்க. அம்பது பேருக்கு எடம் இருக்குதுங்க."

வேலி ஓரத்திலிருந்தும் அன்னதானப் பந்தலிலிருந்தும் பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தார்கள். மதிவதனி தனக்கு முன்னால் அடுத்த வட்டத்தில் காலியாகக் கிடந்த புள்ளியைக் காட்டி, "இங்க நில்லுங்க்கா" என்றாள்.